அதிபரும் ஊழியரும்: அரச உத்தியோகப் பெயர்கள் பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் அமைந்தது பட்டிப்பொல. கடல்மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல், நானுஓயாவுக்கும் ஒகியாவுக்கும் இடையே, மூடுபனி சூழ்ந்து கிடக்கும் அச்சிறு நிலையத்திற் கடமையாற்றுவோர் மிகச் சிலரே. எனினும் அச்சிலரையும் தமிழ் இரு கூறாக்கி வைத்துள்ளது. பயணச்சீட்டு வழங்கி வண்டிக்கு வழிவிடுபவர் நிலைய அதிபர். மழையில் நனைந்து தண்டவாளத்தைச் செப்பனிடுபவர் புகையிரத ஊழியர். இருவருக்கும் வேதனம் வழங்குவது ஒரே திறைசேரிதான். பெயர்களோ அரசனுக்கும் அடிமைக்கும் உரியன.

அதிபர் என்பது ஆள்வோன், தலைவன் எனப் பொருள்படும் வடசொல். தமிழகத்தில் அது அமெரிக்க நாட்டின் தலைவரையோ பஞ்சாலை முதலாளியையோ குறிக்கும். ஈழத்தில் அதன் ஆட்சி மிக விரிந்தது. பாடசாலைக்கு ஓர் அதிபர், தபாற் கந்தோருக்குத் தபாலதிபர், மாவட்டத்துக்கு அரசாங்க அதிபர், பொலிஸ் படைக்குப் பொலிஸ் மா அதிபர், அரசின் வழக்குகளுக்குச் சட்டமா அதிபர். தஞ்சையிலிருந்து வரும் ஒருவர் இந்நாட்டுச் செய்தித்தாளைப் புரட்டுவாராயின், இச்சிறு தீவில் இத்தனை மன்னர்களோ என மயங்குதல் கூடும்.

இவற்றுள் அரசாங்க அதிபர் என்னும் பெயர் தனியே ஆராயத்தக்கது. ஆங்கிலேயர் அப்பதவிக்கு இட்ட பெயர் 'கவர்ன்மென்ட் ஏஜெண்ட்' என்பதாகும். ஏஜெண்ட் என்பான் பிறனொருவன்பொருட்டுக் கருமமாற்றுபவன். காப்புறுதிப் பத்திரம் விற்பவரையும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புபவரையும் இன்று முகவர் என அழைப்பது இப்பொருள் பற்றியே. அவ்வாறாயின் அரசாங்க முகவர் என்பதன்றோ நேரிய மொழிபெயர்ப்பு? அதனை விடுத்து அதிபர் என்றவர் ஆங்கிலம் அறியாதவரல்லர். நாட்டு நடப்பை அறிந்தவர். 1867 வரை நெடுங்காலம் யாழ்ப்பாணத்தில் அப்பதவியை வகித்த டைக் என்பார் 'வடக்கின் ராசா' எனப் பேசப்பட்டார். முகவராக அனுப்பப்பட்டவர் அரசராக வீற்றிருக்கையில் மொழி வேறென் செய்யும்? சிங்களமும் அவரைத் திசாபதி என்றே வழங்கிற்று. இன்று மாவட்டச் செயலாளர் என்னும் பெயர் வந்துவிட்டது. மக்கள் நாவில் அதிபரும் கச்சேரியும் நின்று நிலவுகின்றன. (பாட்டுக் கேட்கும் இடத்துக்கும் காணி அனுமதிப்பத்திரத்துக்காகக் காத்திருக்கும் இடத்துக்கும் ஒரே பெயர் அமைந்தமை தமிழின் நகைச்சுவை போலும்.)

அதிபருக்கு எதிர்முனையில் நிற்பது ஊழியர். ஒல்லாந்தர் காலத்தில் சோனகர், செட்டிகள் முதலானோரிடம் கட்டாயமாகப் பெறப்பட்ட உழைப்புக்கு ஊழியம் என்பதே பெயர். அச்சொல் அவ்வாறே ஐரோப்பியர் ஆவணங்களிலும் ஏறியது. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோதும் சொல்லின் வாடை முற்றாக நீங்கவில்லை. தமிழகத்தில் 'அரசு ஊழியர்' என்பது சங்கங்களின் கொடியில் ஏறித் தலைநிமிர்ந்த சொல்லாயிற்று. இங்கோ சிற்றூழியர் என மேலும் ஒரு சிறுமையைச் சேர்த்து, மருத்துவமனையில் நோயாளியைத் தூக்கிச் செல்பவர் தலையில் அதனைக் கட்டியுள்ளனர்.

சேவகர் என்ற சொல்லின் வரலாறு இன்னும் இரங்கத்தக்கது. பழைய வழக்கில் சேவகம் வீரத்தையும் குறித்தது. 1963இல் விதானைமார் முறை நீக்கப்பட்டு, ஊருக்குப் பணிசெய்பவர் என்னும் கருத்தில் கிராம சேவகர் என்ற பதவி அமைந்தது. மக்களாட்சிக்கு ஏற்ற பெயர் அது. எனினும் பின்னாளில் சிங்களத்தில் அது 'நிலதாரி' ஆயிற்று; பதவியைத் தாங்குபவர் என்பது அதன் பொருள். தமிழிலும் கிராம உத்தியோகத்தர், கிராம அலுவலர் எனப் பெயர் மாறியது. பணியாளர் பதவியாளராயினார். ஆயினும் மலைநாட்டிலும் பிறவிடத்தும் அவரை 'ஜீ.எஸ்.' என்றே மக்கள் அழைக்கின்றனர். சட்டம் கைவிட்ட சேவகர் அவ்வீரெழுத்துக்குள் ஒளிந்து வாழ்கின்றார்.

உத்தியோகம் என்பது முயற்சி. பாரதத்தின் உத்தியோக பருவத்தில் எவரும் மாதச் சம்பளம் பெறவில்லை. போருக்கான முயற்சியையே அது கூறும். உத்தியோகம் புருட இலட்சணம் என்ற முதுமொழி, முயற்சியே ஆண்மகனுக்கு அழகு என்றது. அதனை அரசாங்க நாற்காலிக்குரிய மொழியாக வாசித்துக் கொண்டவர் நம்மவர்.

பழந்தமிழில் நல்ல சொல் இல்லாமற் போகவில்லை. அரசனின் கருமத்தை ஏற்று நடத்துவோனை வள்ளுவர் 'வினைசெய்வான்' என்கிறார். தெரிந்து வினையாடல் என ஓர் அதிகாரமே அவனைத் தேர்ந்து ஆளும் முறைக்கு வகுக்கப்பட்டது. சோழர் கல்வெட்டுகளிற் புரவுவரித் திணைக்களம் வருகிறது. தமிழகம் துறை என்று அமைந்தபோது, திணைக்களம் என்ற அப்பழஞ்சொல்லை மீட்டு வழங்கிய பெருமை ஈழத்துக்கு உரியது. அதே நன்னோக்கிற் பிறந்ததுதான் எழுதுவினைஞர் என்னும் பெயர். வினைஞர் என்பதில் ஆண்டானும் இல்லை, அடியானும் இல்லை. செய்யும் தொழில் மட்டுமே உண்டு. 1947ஆம் ஆண்டு யூன் மாத வேலைநிறுத்தத்திற் பொலிசாரின் சூட்டுக்கு இரையான கந்தசாமி ஓர் அரசாங்க எழுதுவினைஞர். அத்தகைய சொல்லை அகற்றி, முகாமைத்துவ உதவியாளர் எனவும் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் எனவும் நீட்டியதால் விளைந்த நன்மை யாது? நாவுக்குப் பயிற்சி என்பதன்றி வேறொன்றும் புலப்படவில்லை.

இச்சொற்கள் யாவும் தோட்டத்துக்கு வெளியே வழங்கியவை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பின்னர், அரச உத்தியோகம் அவர்க்கு எட்டாக் கனியாயிற்று. அவர்கள் அறிந்த அரசாங்கம் தோட்டமே. பெரிய துரை, சின்னத் துரை, கிளாக்கர் ஐயா, கணக்கப்பிள்ளை, கங்காணி என்பதே அவ்வரசின் படிமுறை. அடையாள அட்டைக்காகப் பிரதேச செயலகத்துக்குச் சென்றவர், ஆங்கிருந்த எழுதுவினைஞரையும் 'துரை' என விளித்ததில் வியப்பென்ன? அறிந்த அதிகாரத்தின் பெயரையே அறியாத அதிகாரத்துக்கும் இட்டார்.

இங்கு ஒன்று ஊன்றி நோக்கற்பாலது. 1972, 1975ஆம் ஆண்டுகளிற் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் செல்லும் வரை, கொழுந்து பறித்த பெண்ணுக்குக் கூலி வழங்கியவை அரச நிறுவனங்களே. பட்டிப்பொல நிலைய அதிபரைப் போல அவளும் அரசின்கீழ் உழைத்தவளே. எனினும் அவளை அரச ஊழியர் என எவரும் அழைத்திலர். அவள் தோட்டத் தொழிலாளியாகவே இருந்தாள். வெள்ளையர் போனபின்னும் துரை துரையாகவே இருந்தார். சொல்லை வகுத்தது சம்பளம் வந்த பெட்டியாயின், இவ்விரண்டும் நிகழ்ந்திரா.

அரசு 1970களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதுதான் லயங்களிலிருந்து அரச உத்தியோகத்துக்கு ஒரு வாயில் அகலத் திறந்தது. தோட்டத்து வாத்தியார் அரசாங்க ஆசிரியரானார். 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோர்க்கும் பிரசாவுரிமை வழங்கியது. இன்று தோட்டத்துப் பிள்ளைகளிலும் அபிவிருத்தி உத்தியோகத்தர் உளர்; பாடசாலை அதிபரும் உளர். இவர்களது நியமனத்தைத் தாய்மார் அயலாருக்குக் கூறும் முறை வேறு. அதிபர், உத்தியோகத்தர் என்னும் பெயர்களை அவர்கள் தேடுவதில்லை. 'கவருமெண்டு வேல கெடச்சிருச்சு' என்கின்றனர். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவதும் அவர்கள் வாயில் வேலைதான்.