லாட்டரைட்: சரளையா, செங்கல்லா?

ஏற்காடு ஒண்டிக்கடையைக் கடந்து சேர்வராயன் உச்சிக்குச் செல்லும் மாணவர்களே, அங்குள்ள செந்நிறக் கல்லைக் கவனியுங்கள். சார்னோகைட் பாறை சிதைந்து, சிலிக்கா கரைந்தோட, இரும்பும் அலுமினியமும் எஞ்சி உண்டான லாட்டரைட் அது.

'லாட்டரல்' என்னும் ஆங்கிலச் சொல், பக்கம் எனப் பொருள்படும் 'லாட்டஸ்' என்ற லத்தீன் சொல்வழி வந்தது. லாட்டரைட்டுக்கு வேர் வேறு. 'லாட்டர்', அதாவது செங்கல். இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

வெட்டும்போது மென்மை, காற்றுப்பட்டால் கடினம். செங்கல்போல் சுவரெழுப்ப உதவும். ஆகவே 1807இல் பிரான்சிஸ் புக்கானன் இப்பெயரை வழங்கினார். தென்னாட்டு மொழிகளில் 'இட்டிகைக் கல்' என வழங்கியதையும் அவரே குறித்தார்.

நம் பாடநூல்களில் காணும் 'சரளை மண்' பொருந்துமா? சரளை பருக்கையின் அளவைச் சொல்லுமேயன்றிப் பண்பைச் சொல்லாது. நம்மிடமே இருந்த பெயரை நாம் இழப்பானேன்? 'இட்டிகைக் கல்' என்றே எழுதலாமே!