இரண்டு மில்லிமீட்டர்

கணினித் திரையில் 24 மீட்டர் நீளத்துக்கு ஒரு கூரை டிரஸ். மவுஸை உருட்டி உருட்டி அருகே போய், அதன் அடிக்கம்பியில் உள்ள ஒரு கணுவில் நிற்போம். கிடையாக ஓடும் ஆங்கிள், செங்குத்தாக ஒன்று, சாய்வாக ஒன்று. மூன்றின் மைய அச்சுகளும் ஒரே புள்ளியில் வந்து கூடுகின்றன. அந்தப் புள்ளியில் போல்ட் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இழுப்பும் தள்ளலும் அங்கேதான் கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன. அச்சு விலகினால் கம்பி வளையப் பார்க்கும். டிரஸ்ஸின் இலக்கணத்தில் கம்பி இழுபடலாம், அமுங்கலாம்; வளையலாகாது.

கணுவைப் பிடித்திருக்கும் கசெட் பிளேட்டின் மேல் சொடுக்கினால் அதன் ஜாதகமே விரிகிறது: தடிமன், எஃகின் தரம், எடை, பெயின்ட், எந்த லாரியில் ஏறும், என்றைக்கு மேலே போகும். 'பிம்' எனப்படும் கட்டடத் தகவல் மாதிரியில் 'தகவல்' என்ற சொல் நிற்பது இதற்காகத்தான். திரையில் காணும் அதே எண்ணைப் பட்டறையில் இரும்பின் மேலும் குத்திவிடுகிறார்கள்.

சற்றுப் பின்னால் வந்து பார்த்தால், டிரஸ் நடுவில் இம்மியளவு மேலே எழும்பியிருக்கிறது. அதற்குக் கேம்பர் என்று பெயர். கூரைப் பாரம் ஏறியதும் தாழ்ந்து நேராகிவிடும். நேராக நிற்பதற்கென்றே வளைத்துச் செய்த பொருள்! அதற்காகக் கம்பிகளின் நீளத்தில் மில்லிமீட்டர் கணக்கில் செய்த திருத்தம் அப்படியே வெட்டும் இயந்திரத்துக்குப் போகிறது.

இவ்வளவு துல்லியத்துக்கு நடுவே என் கண் போய் நிற்பது ஓட்டையில். 20 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 22 மில்லிமீட்டர் ஓட்டை. சரிக்குச் சரி வரைய மாதிரியால் முடியும். ஆனால் எஃகு வெயிலில் நீளும், வெல்டிங் ஆறும்போது சுருங்கும்; அதற்கு இடம் விடத்தான் அந்த இரண்டு மில்லிமீட்டர். ஜம்மு-காஷ்மீரில் செனாப் ஆற்றின் மேலுள்ள ரயில் பாலத்தின் வளைவை எண்ணிப் பாருங்கள். டெக்லா மென்பொருளில் துண்டு துண்டாக விவரித்து, களத்திலேயே அமைந்த பட்டறைகளில் செய்து, கேபிள் கிரேனில் தூக்கிய எஃகு டிரஸ் அது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அதன் தாவு நீளம் 467 மீட்டர். அவ்வளவு நீள எஃகு, வெப்பம் 10 பாகை கூடினாலே சுமார் 56 மில்லிமீட்டர் நீளும். ஆற்றுக்கு வெகு உயரே இரு கரைகளிலிருந்தும் வளர்ந்துவந்த கைகள் 2021 ஏப்ரலில் கோத்துக்கொண்டன.

நம் கூரை டிரஸ் 12 மீட்டர் நீள இரு பாதிகளாகச் சைட்டுக்கு வருகிறது. தரையில் அடுக்கிய கட்டைகளின் மேல் இரண்டையும் நெருக்கி வைக்கிறார்கள். ஃபிட்டர் ஸ்பானரின் கூர்வாலை ஓட்டைக்குள் நுழைத்து ஒரு நெம்பு நெம்புகிறார். அடுத்த ஓட்டையில் மறுபக்க வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிகிறது. போல்ட் விரலால் தள்ளியதுமே உள்ளே போகிறது, சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் விட்டு.