தீட்டுக்கு எத்தனை மார்க்?

'மனசால நெனச்சாலே பாவம்.' பாகூர்ப் பக்கம் எந்த ஆயாவிடமும் இது நோயின் அறிகுறி என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். ஆனால் நினைப்பும் செயலும் ஒன்றுதான் என்கிற இந்த நம்பிக்கைக்கு மார்க் போடுகிற வினாத்தாள் ஒன்று உண்டு. எண்ணச் சுழற்சி நோயோடு (ஆஸ்பத்திரியில் ஓசிடி) சேர்ந்த நம்பிக்கைகளை அளப்பதற்காகப் பல நாட்டு உளவியலாளர்கள் சேர்ந்து செய்தது. 2005இல் வந்த சுருக்க வடிவில் 44 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் 1 முதல் 7 வரை. 'ஓரளவு உடன்படுகிறேன்' என்று வில்லியனூரில் யார் பேசுகிறார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும்.

மேற்கின் சரக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. கைக்குழந்தையைக் கிணற்றில் போட்டுவிடுவோமோ என்பது மாதிரியான வேண்டாத எண்ணங்கள் நோயில்லாதவர்களுக்கும் வருகின்றன என்று 1978இலேயே ராக்மனும் இலங்கையரான பத்மால் டி சில்வாவும் காட்டினார்கள். எண்ணம் வருவதல்ல, அதனால் விளையக்கூடிய கேட்டுக்குத் தானே பொறுப்பு என்று நம்புவதுதான் ஆளைக் கட்டிப்போடுகிறது என்றார் சால்கோவ்ஸ்கிஸ், 1985இல். பித்து/தெளிவு என்ற எதிர்வை உளவியலே கலைத்துப் போடுகிற இடம் இது.

ஆனால் அந்த நம்பிக்கை தனியாள் மூளையில் முளைத்ததா? தீண்டினால் ஒட்டிக்கொள்ளும், ஒருத்தர் தப்பினால் ஊருக்கே கேடு என்பதெல்லாம் சாதியும் குடும்பமும் பிள்ளையிலிருந்து ஊட்டுகிற பாடம். அதிலும் பெண்ணுக்குத் தூரம், பிரசவம், சாவு என்று கூடுதல் பாடங்கள். வங்காளத்தில் 'சுசிபாய்' என்கிற சுத்தப் பித்தைச் சடங்கோடு சேர்த்துவைத்து அஜிதா சக்ரவர்த்தி 1975இல் எழுதியதும் இதனால்தான். இங்கே அதிக மார்க் வாங்குகிறவள் நோயாளியா, சொன்னதைக் கேட்டு நடந்தவளா? வினாத்தாள் பிரித்துச் சொல்லாது.

மறுபக்கம் பாருங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் இறையூரில், டீக்கடையில் தனிக்குவளை வைத்ததற்காக வழக்குப் போட்டார்கள். தனிக்குவளை வைக்கிறவருக்குத் தவிப்பு இல்லை, தூக்கம் கெடவில்லை. தீட்டைக் கழுவுகிற வேலையும் இல்லை, அதை அடுத்தவர் கையில் கொடுத்தாயிற்று. எந்த அளவுகோலிலும் அவர் ஆரோக்கியமானவர். (சாதியை நோய் என்று சொல்ல வரவில்லை. நோயாளி என்றால் மன்னிப்பு கிடைத்துவிடும்.)

இதற்கு நடுவே தோல் உரியக் கை கழுவுகிறவள் 'சுத்தக்காரி' என்று பேர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாள். அவளை ஜிப்மருக்குக் கூட்டிப்போக யாருக்கும் தோன்றாது. அவளிடம் 1 முதல் 7 வரை கேட்பதற்கு முன்னால் அவள் பேச்சிலேயே கேட்கலாம்: இதை யாரும்மா சொல்லிக்கொடுத்தது? உங்க வீட்ல எல்லாரும் இப்படித்தான் கழுவுறாங்களா? நிறுத்தணும்னு நெனச்சும் நிறுத்த முடியலையா?