ஒரே உடல், இரு மரபுகள்: சிட்ரோயன் டிஎஸ்ஸும் ஐடியும்

1955 அக்டோபரில் பாரிஸ் கார் கண்காட்சியில் சிட்ரோயன் டிஎஸ் 19 அறிமுகமானது. முதல் நாளிலேயே சுமார் 12,000 பேர் முன்பதிவு செய்தார்கள். ஃப்ளாமினியோ பெர்த்தோனியின் வடிவமும், ஆந்திரே லெஃபெவ்ரின் பொறியியலும், போல் மாஜெஸின் திரவ-வாயு சஸ்பென்ஷனும் அந்த ஒரு வண்டியில் கூடிவந்தன. 1957இல் அதே உடலோடு ஐடி 19 விற்பனைக்கு வந்தது. சேகரிப்பாளர்களில் பலர் ஐடியை டிஎஸ்ஸின் மலிவுப் பதிப்பாகவே பார்க்கிறார்கள். அது நியாயமல்ல. இரண்டும் தனித்தனி மரபுகள். இரண்டுக்கும் தனித்தனி அளவுகோல் வேண்டும்.

டிஎஸ் மரபில் அழுத்தமேற்றிய திரவம்தான் எஜமான். சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், கிளட்ச், கியர் எல்லாம் அதன் ஆணைப்படி நடக்கும். ஆரம்பகால வண்டிகளில் கிளட்ச் பெடலே கிடையாது. ஸ்டியரிங்குக்கு மேலே உள்ள மெல்லிய கம்பியை இடப்பக்கம் தள்ளினால் எஞ்சின் ஓடத் தொடங்கும். கியர் மாற்றுவதும் அதே கம்பிதான். பிரேக்குக்குத் தரையில் காளான் வடிவ ரப்பர்க் குமிழ் ஒன்று. பாதத்தை ஆழமாக இறக்க வேண்டியதில்லை, கொஞ்சம் அழுத்தினாலே வண்டி நிற்கும். பழகாத கால் முதலில் திடுக்கிட்டுத்தான் போகும்.

ஐடி மரபு சிக்கனமானது. அதே சஸ்பென்ஷன், அதே 1911 சிசி எஞ்சின், சற்றுக் குறைந்த குதிரைத்திறன். கிளட்ச் பெடலும் கைக்கியரும் உண்டு. ஆரம்பகால வண்டிகளில் பவர் ஸ்டியரிங் இல்லை. திரவக் குழாய்கள் குறைவு என்பதால் கசியும் இடங்களும் குறைவு. 1959 மான்டி கார்லோ ராலியை வென்றது ஐடி 19தான். இதைத் தாழ்ந்தது என்பவர்களுக்கு அந்த வெற்றியே பதில்.

வாங்குமுன் முதலில் திரவத்தைப் பாருங்கள். 1966 இலையுதிர்காலம் முதல் பிரான்ஸில் பச்சை நிறக் கனிம எண்ணெய் வந்தது. அதற்கு முந்தைய சிவப்புத் திரவம் ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்தே குழாய்களை அரிக்கும். ஒன்றுக்கான வண்டியில் மற்றதை ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும்.

அடுத்தது சட்டகம். வெளித் தகடுகள் போல்ட்டில் நிற்பவை. பின் மட்கார்டு ஒரே போல்ட்டில் கழன்றுவரும். கழற்றி, அடியில் இருக்கும் பெட்டிச் சட்டத்தில் துருவைத் தேடுங்கள். வெளியே பளபளக்கும் பெயின்ட்டை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள்.

மூன்றாவது, அசல்தன்மை. 1967 இறுதியில் கண்ணாடிக்குள் விளக்குகள் அமைந்த புதிய முகம் வந்தது. முந்தைய வண்டிக்கு அந்த முகத்தைப் பொருத்துவதும், ஐடியில் டிஎஸ் உதிரிகளை ஏற்றி டிஎஸ் என்று விற்பதும் இரு மரபுகளையுமே அழிப்பவை.

1975 வரை ஏறத்தாழ 14.5 லட்சம் வண்டிகள் உருவாயின. பிறந்தபடியே நிற்கும் எளிய ஐடி, வேடம் போட்ட டிஎஸ்ஸைவிட மதிப்பு மிக்கது. சேகரிப்பாளரின் பணமும் பராமரிப்பும் அந்த வண்டிக்கே போய்ச் சேரட்டும்.