மேலிருந்து கீழாக

ஜோலார்பேட்டை சந்திப்பில் வண்டி மாறிப் பழகியவர்களுக்கு அட்டவணை பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எது ஆம்பூரில் நிற்கும், எது வாணியம்பாடியை விட்டுவிட்டு ஓடும் என்று கண் ஒரே நெடுவரிசையில் மேலிருந்து கீழாக இறங்கிக் கண்டுபிடித்துவிடும். எழுத்தை இடமிருந்து வலமாகப் படிக்கிறவர்கள்தான், அட்டவணை என்றதும் திசையை மாற்றிக்கொள்கிறோம். ஜாவாவில் வலைப்பக்கம் செய்தவர்களுக்கு இது புரிய ஐந்தாறு ஆண்டு பிடித்தது.

1999-இல் வந்த ஜேஎஸ்பியில் ஜாவா நிரலும் பக்கத்தின் குறிச்சொற்களும் ஒரே கோப்பில் கலந்து கிடந்தன. ஒரு சுழலைத் திறந்து, வரியைத் திறந்து, கட்டம் கட்டமாக நிரப்பி மூட வேண்டும். ஒரு மூடுகுறி விட்டுப்போனால் மொத்த அட்டவணையும் கோணிக்கொள்ளும். 2002-இல் ஜேஎஸ்டிஎல்லின் ‘ஃபார்ஈச்’ குறிச்சொல் வந்து நிரலைச் சுத்தமாக்கியது. ஆனாலும் எழுதுகிறவர் வரி வரியாகவேதான் யோசித்துக்கொண்டிருந்தார்.

டிஸ்ப்ளேடேக் நூலகமும், 2004-இல் வெளிவந்த ஜாவா சர்வர் ஃபேசஸின் (ஜேஎஸ்எஃப்) ‘டேட்டாடேபிளும்’ அந்த யோசனையைத் திருப்பிப் போட்டன. இவற்றில் வரியை எழுதுவதே இல்லை. நெடுவரிசையை மட்டும் ஒருமுறை சொல்கிறோம்: தலைப்பு இது, மதிப்பு இது, அடியில் கூட்டுத்தொகை இது. ஆம்பூர் ஷூ தொழிற்சாலையில் லாஸ்ட் எனும் பாத அச்சு ஒன்று செதுக்கிவிட்டால் ஜோடி ஜோடியாக ஷூ இறங்குவதுபோல, தரவு எத்தனை இருக்கிறதோ அத்தனை வரி தானே வந்து விழும். இந்த நேர்த்திக்கு ஈடாக இன்றைய பகட்டான திரைகளில் நான் எதையும் பார்க்கவில்லை. 2014-இல் புதுப்பிக்கப்பட்ட ஐஆர்சிடிசி தளத்தின் முகவரி ‘ஜேஎஸ்எஃப்’ என்று முடிந்தது நினைவிருக்கலாம். நம் ஊர்க்காரர்கள் வண்டி தேடியது இந்தத் தொழில்நுட்பத்தில்தான்.

நெடுவரிசையாக யோசிக்கும் இந்தக் கலைக்கு உண்மையான சோதனை ஷூ ஆர்டர்தான். ஒவ்வொரு மாடலுக்கும் நிறத்துக்கும் ஒரு வரி, குறுக்கே அளவுகள். ஐரோப்பிய அளவில் ஆண்கள் ஷூ பெரும்பாலும் 39-இலிருந்து 46 வரை போகும். பெண்கள் ஷூ 36-இல் தொடங்கும். ஆர்டருக்கு ஆர்டர் நெடுவரிசைகளே மாறுகின்றன! முன்கூட்டியே எழுதிவைக்கும் டேட்டாடேபிள் இங்கே திணறும். பிரைம்ஃபேசஸ் நூலகத்தின் ‘காலம்ஸ்’ குறிச்சொல் இதற்கென்றே செய்ததுபோல் உதவும்: அளவுகளின் பட்டியலைக் கொடுத்தால் நெடுவரிசைகளும் தரவிலிருந்தே முளைக்கும். எண்களை வலப்பக்கம் ஒட்டி நிறுத்தினால் போதும், எந்த அளவில் ஜோடி குறைகிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். நடுவில் நிறுத்துகிறவர்களுக்கு எண் என்பது அலங்காரம் போலும்.

குறைகளும் உண்டு. டிஸ்ப்ளேடேக்கில் வரிசைப்படுத்தலைப் ‘பேஜ்’ என்று விட்டுவிட்டால், கண்ணில் படும் பக்கத்தை மட்டும் அடுக்கித் தரும். முதல் பக்கத்தில் உச்சியில் நிற்பதுதான் பெரிய ஆர்டர் என்று முதலாளி நம்பிவிடுவார். தோல் கம்பெனிகளின் பெயரில் ‘அண்ட் கோ’ என்று வரும் ‘&’ குறியும் வம்புதான். ஜேஎஸ்பியில் ‘சி-அவுட்’ குறிச்சொல் வழியாக அனுப்பாவிட்டால் அது அப்படியே பக்கத்தில் கொட்டி, அதன் குறிமொழியோடு மோதலாம். ஜேஎஸ்எஃப்பின் ‘அவுட்புட்டெக்ஸ்ட்’ சொல்லாமலே அதைக் கவனித்துக்கொள்கிறது.

எனக்குப் பொறுக்காதது காற்புள்ளிதான். ஜாவாவின் ‘டெசிமல்ஃபார்மட்’ கடைசிக் குழுவின் நீளத்தை மட்டுமே பார்க்கும். எவ்வளவு கவனமாக வடிவம் எழுதிக் கொடுத்தாலும் 12,50,000 ரூபாயை 1,250,000 என்றே காட்டும். லட்சத்தில் கணக்குப் பார்க்கும் வாணியம்பாடி வியாபாரியின் கண் அங்கே இடறும். இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு ஜாவாவில் பட்டியல் போடுகிறவர்கள் தயவுசெய்து ஐசியு நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் லட்சத்துக்கும் கோடிக்கும் காற்புள்ளி சரியான இடத்தில் விழும்.