உப்பில் வாடாத சதை

சிதம்பரம் கறிக்கடையில் ஆட்டுக் குண்டிக்காயை நீளவாக்கில் பிளக்கும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். வழுவழுப்பான மேல்புறம், செங்கபில விளிம்பு, அதிலிருந்து நடுவை நோக்கிக் குவியும் மெல்லிய கோடுகள். அந்த நடுப்பகுதியில்தான் உப்பும் யூரியாவும் தேங்குகின்றன. நம் சிறுநீரகத்தில் அங்கே செறிவு இரத்தத்தைப்போல 4 மடங்குவரை ஏறும். கடலூர் துறைமுகத்தில் உப்பிட்ட மீன் நீர்விட்டுச் சுருங்கிவிடுகிறது. சிறுநீரகத்தின் நடுவில் குடியிருக்கும் செல்களோ வாடுவதில்லை! சார்பிட்டால், பீட்டெய்ன், இனோசிட்டால் என்று சாதுவான பொருட்களைத் தமக்குள் மெல்ல மெல்லச் சேர்த்து வெளியுப்புக்கு ஈடுகொடுக்கின்றன. நிறையத் தண்ணீர் குடித்து உப்பு நீர்த்தால், சேர்த்ததை வெளியே விட்டுவிடும். என்ன பக்குவம்!

வெயிலில் கருவாடு புரட்டும் பெண்களுக்குச் சிறுநீரைச் சுண்டவைத்து உடம்பின் நீரைக் காப்பது இந்த நடுப்பகுதிதான். அதற்கும் எல்லை உண்டு. அவர்கள் பக்கத்தில் குடிதண்ணீர் இருக்கட்டும்.