நீலச்சட்டை வந்தாரா, வந்துச்சா?



அன்மொழித்தொகை நடத்தும்போது என்ன எடுத்துக்காட்டு எழுதுகிறீர்கள்? பெரும்பாலும் 'நீலச்சட்டை வந்தார்' மாதிரி ஒன்றுதான். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலும் சட்டையின் நிறத்தைத்தான் காட்டுகிறது. 'அணிந்தவர்' என்ற சொல் மறைந்திருக்கிறது என்றால் மாணவருக்கு உடனே புரியும். நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் பாதிதான்.

கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் என் வகுப்பில், சொந்தமாக எழுதச் சொன்னேன். ஒரு மாணவி எழுதியது: 'வெள்ளைச்சட்டை வந்தார். ரப்பர் பூட்ஸ் வந்துச்சி.' முதலாவது தோட்டத்து மேனேஜர். இரண்டாவது கொழுந்து பறிக்கும் வங்காளதேசத் தொழிலாளி.

இரண்டும் அன்மொழித்தொகைதான். 'வந்துச்சி' பேச்சு வழக்கு என்று திருத்திவிட்டுப் போயிருக்கலாம். 'பாட்டி வந்துச்சி' என்று நாமே பிரியமாகச் சொல்கிறோமே! ஆனா ஒரே தாளில் சட்டைக்கு உயர்திணையும் பூட்ஸுக்கு அஃறிணையும் விழுந்தால் அது பிரியமில்லை. முதல் வாக்கியத்தில் 'அணிந்தவர்' மறைந்து நிற்கிறார். இரண்டாவதில் காணாமலே போய்விட்டார்.

உடை ஒருவருக்குப் பெயராவது எப்போதும் இழிவில்லை. 1945இல் பெரியார் கருஞ்சட்டைப் படை அமைத்தபோது, சட்டையைப் போட்டவர்களே அந்தப் பெயரை விரும்பி ஏற்றார்கள். 1948இல் சென்னை அரசு அந்தப் படையைத் தடைசெய்தும் பெயர் நிலைத்தது. போலீஸ்காரருக்கு நாம் வைத்த 'காக்கிச்சட்டை' அப்படியில்லை. அதில் மரியாதையா, எரிச்சலா என்பது பின்னால் வரும் வினைமுற்றில்தான் தெரியும்.

ஆகவே மறைந்த சொல்லைக் கேட்பதோடு நிறுத்தாமல், இன்னும் இரண்டு கேள்வி கேட்போம்:

1. இந்தப் பெயரை வைத்தது யார், அணிந்தவரா, பார்த்தவரா?
2. வினைமுற்று எந்தத் திணை? ஏன்?

என் வகுப்பில் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு பையன், "எங்க தாத்தாவும் பூட்ஸ்தான் டீச்சர்" என்றான். 1929இல் போ தோட்டம் தொடங்கிய பிறகு இந்த மலையில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள்தான். அன்று பூட்ஸ் நம்முடையது. அதை நான் சொல்லியிருந்தால் வெறும் வரலாறாக இருந்திருக்கும்.

பயிற்சிக்குப் பத்து நிமிடம் போதும். உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். பிள்ளைகள் எழுதும் வினைமுற்றுகளைத் திருத்தும் முன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.